கதவைச் சாத்திப் பாருங்கள்

பி.காம். படித்தவனுக்கு எங்கள் ஏரியாவில் ஒரு தனி மரியாதை உண்டு. வேலை கொடுக்க மாட்டார்கள். ஆலோசனை கேட்க மட்டும் வரிசையில் வருவார்கள். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, பி.எஃப். பணம் எடுப்பது, மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குப் பங்கு உண்டா என்பது (கிடையாது, ஆசையை விடுங்கள்) எல்லாவற்றுக்கும் நான்தான். ஃபீஸ் ஒரு டீ. சில கேஸில் அந்த டீக்கும் நானே காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் வீட்டு அண்ணன் வந்தார். ஹார்பருக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு க்யூவில், மீதி நாள் அந்தக் க்யூவைப் பற்றிப் பேசுவதில் கழியும்.

"தம்பி, பையன் எட்டாவது முடிக்கிறான். நல்ல ஹாஸ்டல் ஸ்கூலா ஒண்ணு பாத்துக் குடு."

டேபிள் ஃபேன் வாங்கித் தரச் சொல்வது மாதிரி இருந்தது.

"எதுக்குண்ணே? இங்கயே நல்லாத்தானே படிக்கிறான்?"

அண்ணன் பதில் சொல்லாமல் என் வீட்டு ஜன்னலைக் காட்டினார். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது போதும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நாங்கள் டி.வி.யில் பார்ப்பதில்லை; மூக்கே சொல்லிவிடும். மணலிப் பக்கமா, எண்ணூர்ப் பக்கமா, காசிமேட்டுப் பக்கமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி எண்ணூரில் அமோனியா கசிந்து, ஜனங்கள் கட்டிய துணியோடு தெருவில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ வாயு நெடியில் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். அன்றிலிருந்து அண்ணி, மகனின் ஸ்கூல் பையில் டிபன் பாக்ஸோடு ஒரு ஈரக் கர்சீப்பும் வைத்து அனுப்புகிறார்.

"அதுகூடப் பரவாயில்ல தம்பி. பையன் சைக்கிள்ல போறான். என் வண்டில உக்காந்தா லெஃப்ட் சைடுல ஒட்டி வர சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே தெரியாதுன்னா மத்தவனுக்கு இன்னா தெரியும்?"

இதற்கு பி.காம்.மில் பதில் இல்லை. பேப்பர் பேனா எடுத்தேன்.

* * *

ஹாஸ்டல் ஸ்கூல் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் மலைதான் ஞாபகம் வரும். ஊட்டி லவ்டேலில் லாரன்ஸ் ஸ்கூல், 1858. கோடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901-ல் ஆரம்பித்தது. ஏற்காடு மான்ட்ஃபோர்ட், 1917. மூன்றையும் எழுதி, ஃபீஸ் விசாரித்து, மூன்றையும் அடித்தேன். மொத்தம் கால் மணி நேரம்.

உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் ஸ்கூல், 1962-லிருந்து இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு வைத்து எடுப்பார்கள். அண்ணன் என்னிடம் வந்தது மார்ச்சில். பரீட்சையே முடிந்துவிட்டிருந்தது. (இதைப் படிக்கிற அப்பாக்கள், முந்தின வருஷமே விசாரியுங்கள்.)

அரசு மாதிரிப் பள்ளிகள் உண்டு, ஹாஸ்டலோடு, காசில்லாமல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை அவை. நம்ம பையன் மெட்ரிகுலேஷன். எல்.கே.ஜி.யிலிருந்து கட்டிய ஃபீஸெல்லாம் இந்த இடத்தில் குறுக்கே வந்து நின்றது. அரசாங்க பாஷையில் இந்த மாதிரிப் பள்ளிக்கு 'உண்டு உறைவிடப் பள்ளி' என்று பெயர். சாப்பாடும் இருக்கிறது, படுக்கையும் இருக்கிறது, படிப்பு கடைசியில்தான். அந்த வரிசைதான் சரியான வரிசை என்று எனக்குப் பிறகு புரிந்தது.

மிச்சம் நாமக்கல். பெயரைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது.

"நான் மொதல்ல ஓட்டுன லாரிக்கு பாடி கட்டின ஊரு தம்பி!"

லாரி, முட்டை, மார்க். மூன்றும் மொத்த வியாபாரத்தில் கிடைக்கிற ஊர் அது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் ஒரு காலத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் நாளன்று பேப்பரின் முதல் பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். கோழிப் பண்ணை ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று பெயரும் வந்தது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் அதை எடுத்தும் விட்டார்கள். ரேங்க் போனாலும் பள்ளிக்கூடங்களுக்கு நஷ்டமில்லை, 'நீட்' வந்து கைகொடுத்தது. எல்லாப் பள்ளியும் அங்கே ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டேன். எல்லா ஃப்ளெக்ஸ் போர்டும் ஒரே மாதிரி.

பணம்? ஒரு ஏலச்சீட்டு, அண்ணியின் இரண்டு வளையல், ஓனரிடம் அட்வான்ஸ். பற்று வரவு எழுதிப் பார்த்தேன். வரவுப் பக்கத்தில் பையன் ஒருத்தன்தான் இருந்தான்.

* * *

ஏப்ரல் கடைசியில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தோம். அண்ணன், நான், பையன். பையன் மேல் பெர்த்தில் ஏறிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று வாரமாக வீட்டில் இந்தப் பேச்சுதான் நடக்கிறது. அவனிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

அரக்கோணம் தாண்டியதும் அண்ணன் கேட்டார்: "தம்பி, நான் ஏத்தற பொட்டில பாதி சைனாவுக்குப் போறது, மீதி சைனாலேர்ந்து வரது. அவனுங்க புள்ளைங்கள எங்க போட்டுப் படிக்க வைக்கிறானுங்க?"

நல்ல கேள்வி. தூக்கமும் வரவில்லை. சொன்னேன்.

யுங் விங் என்று ஒரு சீனர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1854-ல் பட்டம் வாங்கினவர். ஊர் திரும்பி வருஷக்கணக்காக நச்சரித்து, சீன அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். 1872-ல் முதல் தவணையாக முப்பது பையன்கள் கப்பல் ஏறினார்கள். வருஷம் முப்பதாக நாலு வருஷத்தில் நூற்றிருபது. பெரும்பாலும் நம்ம பையன் வயசு, அதற்கும் கீழே. பதினைந்து வருஷப் படிப்பு. அதுவரை அம்மா முகம் கிடையாது. பிள்ளைக்கு நோய் வந்தாலும் உயிரே போனாலும் அரசாங்கம் பொறுப்பில்லை என்று அப்பாக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"கைநாட்டு வெச்சானுங்களா?" என்றார் அண்ணன். குரல் மாறியிருந்தது.

"வெச்சாங்கண்ணே. ஆனா அங்க போனதும் ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. மொத்தமா ஒரு ஹாஸ்டல்ல அடைக்கல. கனெக்டிகட், மாசசூசெட்ஸ்னு சுத்துவட்டார ஊர்கள்ல குடும்பங்களாப் பாத்து, வீட்டுக்கு ரெண்டு பேர், மூணு பேருன்னு விட்டாங்க."

அந்தப் பையன்களில் லீ யான் ஃபூ என்று ஒருவர். பின்னாளில், 1887-ல், ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். ஸ்ப்ரிங்ஃபீல்டில் தன்னை அழைத்துப் போக வந்த அம்மாள், பார்த்ததும் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிட்டாராம். கூட இருந்த பையன்கள் சிரித்தார்களாம். கைக்குழந்தையாக இருந்ததற்கு அப்புறம் தனக்குக் கிடைத்த முதல் முத்தம் அது என்று எழுதியிருக்கிறார். உலகத்தின் மறுபக்கம் போன பையனுக்குப் பல வருஷம் கழித்து ஞாபகம் இருந்தது அதுதான். மார்க் எவ்வளவு என்று எழுதியிருந்தால் எனக்கு ஞாபகமில்லை.

பையன்கள் பின்னல் ஜடையை வெறுக்கிறார்கள், சர்ச்சுக்குப் போகிறார்கள், பேஸ்பால் ஆடுகிறார்கள் என்று சீனாவுக்குப் புகார் மேல் புகார் போக, 1881-ல் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். (வரும் வழியில் ஓக்லண்ட் டீமை பேஸ்பாலில் தோற்கடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினோம் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார். அதுதான் வயசு!) திரும்பி வந்தவர்களில் ஜான் தியன்யூ என்கிறவர், பீஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து 1909-ல் ரயில் விட்டார்.

இப்போதும் சீன அப்பாக்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பிரிட்டனுக்கு, அமெரிக்காவுக்கு, சிங்கப்பூருக்கு. நடுவில் ஏஜென்ட் உண்டு. அவர்களில் பல பேருக்குப் பள்ளிக்கூடமே கமிஷன் கொடுக்கும். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று அவர்கள் சொல்வதை அதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு மாணவனின் அம்மாவோ பாட்டியோ கூடவே வந்து தங்க விசா உண்டு. அப்படி வந்த சீன அம்மாக்களுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். இங்கிலாந்து விதி இன்னும் சுவாரஸ்யம். ஹாஸ்டல் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு, பள்ளியோடு சம்பந்தமில்லாத ஒரு பெரியவரின் பெயரும் நம்பரும் கொடுத்தாக வேண்டும். பிள்ளை எதைப் பற்றி வேண்டுமானாலும் அவரிடம் பேசலாம்.

"அதாவது, வார்டன் சரியில்லன்னா வார்டன் கிட்டயே போய்ச் சொல்ல முடியாதுல்ல" என்றார் அண்ணன்.

க்யூவில் நின்று நின்று மனிதர் ஞானியாகிவிட்டார்.

மேல் பெர்த்தில் பையன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது.

* * *

முதல் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடமா, நாலு நட்சத்திர ஹோட்டலா என்று வாசலில் தயங்கினோம். ஏ.சி., மீன் தொட்டி, கோட்டுப் போட்ட ஒரு இளைஞர். எங்கள் மூவருக்கும் பாதாம் பால். மார்க் ஷீட் பார்த்தார், எந்த மோடில் பேமென்ட் என்று கேட்டார்.

"ஹாஸ்டல் ரூம் பாக்கலாமா சார்?"

"அட்மிஷன் போட்டதுக்கு அப்புறம் பேரன்ட்ஸ் டே அன்னிக்குக் கூட்டிட்டுப் போவோம் சார்."

அண்ணன் எழுந்துவிட்டார். பாதாம் பாலை மட்டும் முழுசாகக் குடித்தார்.

வெளியே வந்து காரணம் சொன்னார். காலி கன்டெய்னர் எடுக்கும்போது ஒருத்தர் உள்ளே போவாராம். கதவைச் சாத்திவிடுவார்கள். இருட்டில் நின்று நாலு பக்கமும் பார்ப்பார். எங்காவது ஊசி முனை மாதிரி வெளிச்சம் வந்தால் ஓட்டை. அந்தப் பெட்டி வேண்டாம், மழைத் தண்ணீர் இறங்கிச் சரக்கு போய்விடும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும், அதைப் பார்த்து எவனும் பெட்டி எடுக்க மாட்டான்.

"சரக்கு வெயிட்டு இன்னா, சீல் நம்பர் இன்னா, எந்த கப்பல்னு நூறு பேப்பர் பாக்கறான். என் புள்ளைய அனுப்ப ஒரு ரூமைக் காட்ட மாட்டேன்றான்."

இரண்டாவது பள்ளியில் காட்டினார்கள். நீளமான ஹால், இரண்டடுக்குக் கட்டில்கள், சுவர் நேற்றுத்தான் வெள்ளையடித்த மாதிரி. அண்ணன் கதவைச் சாத்தப் போனார். கூட வந்த பி.ஆர்.ஓ. ஓடி வந்து பிடித்துக்கொண்டார். "க்ளோஸ் பண்ணக்கூடாது சார், ரூல்ஸ்."

வராந்தா கோடியில் ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் வீட்டுக்குப் பேசலாம். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒரு சார் உட்கார்ந்திருப்பார்.

"எதுக்கு சார் ஸ்பீக்கர்?"

"பசங்க தேவையில்லாம ஏதாவது சொல்லி பேரன்ட்ஸை டென்ஷன் பண்ணிடுவாங்க சார். அதான்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் உண்டு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாவது படிக்கும்போது என்னையும் ஒரு வருஷம் ஹாஸ்டலில் போட்டார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் கொடுப்பார்கள். வார்டன் போர்டில் எழுதிப் போடுவார்: 'அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, இங்கு நான் நலமாக இருக்கிறேன். நன்றாகப் படிக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது.' அறுபது பேரும் காப்பி அடிப்போம். கையெழுத்து மட்டும் சொந்தம். எனக்கு அப்போது இரண்டு கையிலும் சிரங்கு. பேனாவைப் பிடித்தால் ஒட்டும். நான் நலமாக இருக்கிறேன் என்று அந்தக் கையால்தான் எழுதினேன். அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். முத்து முத்தா எழுதறான் பாருங்க என்று. பத்திரமாக இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. லீவுக்கு வந்தபோது என் கையைப் பார்த்தவர், மறுபடி அனுப்பவில்லை.

டீக்கடையில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். பையனும் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் ஒன்றும் பேசவில்லை. பேச்சை மாற்ற நான் ராஜா காலத்துக்குப் போனேன். (எனக்கு இது ஒரு வியாதி.)

பழைய சீவரத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டு. கோயிலோடு ஒரு பள்ளி, மாணவர்கள் தங்கும் இடம், பதினைந்து படுக்கை வைத்த ஆஸ்பத்திரி. என்ன பாடம் என்பதோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. பையன்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், ராத்திரிக்கு விளக்கு, சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து வெட்டியிருக்கிறான். வீட்டில் அம்மா என்னென்ன செய்வாள் என்று யோசித்த ஏதோ ஒரு கணக்கப்பிள்ளை போட்ட பட்ஜெட். அந்தக் காலத்து பி.காம். ஆசாமியாக இருக்க வேண்டும்.

"எண்ணெய்க்கும் கணக்கு வெச்சானா!" என்றார் அண்ணன்.

* * *

மூன்றாவது பள்ளிக்கூடம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே. ஃப்ளெக்ஸ் போர்டு கிழிந்திருந்தது. மீன் தொட்டி இல்லை. ரிசல்ட்டும் நடுத்தரம்தான், மறைக்கவில்லை. ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர் போல ஒருவர், கழுத்தில் விசில், கையில் ஒரு தடிமனான நோட்டு. வார்டன் அவர்தான்.

ரூல்ஸை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014-ல் ஒரு சட்டம் வந்தது. விடுதி பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். 2022-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதி மாணவி இறந்துபோன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு இதை ரயிலிலேயே சொல்லியிருந்தேன். அவர் தன் பாணியில் கேட்டார்.

"சார், ஹாஸ்டலுக்கு ஆர்.சி. புக்கு இருக்குதா?"

வார்டன் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இரண்டு நம்பர்: 1098, 14417. முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது கல்வித் துறையின் உதவி எண். பையன்கள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருந்தது. ஆபீஸ் ரூமில் ஒட்டினால் அது அதிகாரிகளுக்கு.

மார்க் ஷீட்டை நீட்டினேன். வாங்கி நோட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். நோட்டைத் திறந்தார்.

"பையன் ராத்திரி தூக்கத்துல எழுந்து நடப்பானா? எதாவது சாப்பிட்டா சேராதா? வீசிங் உண்டா? படுக்கைல எப்பவாவது போறதுண்டா? கூச்சப்படாம சொல்லிடுங்க. இப்பச் சொன்னா அதுக்கேத்த எடம் குடுத்துடுவேன். எவனுக்கும் தெரியாது."

மூன்று பள்ளிக்கூடத்தில் பையனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். அண்ணன் என்னைப் பார்த்தார். பதில் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் க்யூவில் இருக்கிற மனிதருக்கு எப்படித் தெரியும்? பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எனக்கு ஃபுல்லா இருட்டா இருந்தா தூக்கம் வராது சார். அம்மா கிச்சன் லைட்டைப் போட்டு வெப்பாங்க."

வார்டன் நோட்டில் எழுதிக்கொண்டார். 'பாத்ரூம் பக்கம் கட்டில். லைட் எரியும்.' அவ்வளவுதான். அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

ரூமுக்குப் போனோம். கேட்காமலே, "நான் கீழ இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்று அவர் போய்விட்டார். அண்ணன் கதவைச் சாத்தினார். ஒரு கட்டிலில் மல்லாந்து படுத்தார். நான் எதிர்க் கட்டிலில் படுத்தேன். ஃபேன் சத்தம் போட்டது. கொசுவலை ஆணி இருந்தது. சுவரில் பென்சிலும் பேனாவுமாக ஒரே கிறுக்கல். லீவுக்கு எத்தனை நாள் என்று கோடு போட்டு ஐந்தைந்தாக அடித்திருந்தான் ஒருத்தன். ஒரு ஹீரோ பெயர், அதை அடித்து இன்னொரு ஹீரோ பெயர். தலைமாட்டில், 'மெஸ் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தால் ரூ. 100 பரிசு.'

அண்ணன் படுத்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ஸ்கூல்ல வெள்ளையடிச்சு வெச்சிருந்தான் தம்பி. இங்க எழுத விட்டிருக்கான்."

போனைப் பற்றிக் கேட்க மறக்கவில்லை. புதன், ஞாயிறு. ஸ்பீக்கர் கிடையாது, போன் இருக்கிற இடத்தில் நாற்காலியும் கிடையாது. "க்யூ நகரணும்ல, அதுக்குத்தான்" என்றார் வார்டன். க்யூ என்றதும் அண்ணனுக்கு மனிதரைப் பிடித்துவிட்டது.

குறையே இல்லையா என்றால், உண்டு. லேப் சுமார். காய்ச்சல் ரூமில் இரண்டே கட்டில். ஐம்மை வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன், வீட்டுக்குத் தகவல் சொல்வோம் என்றார். நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கு. அதற்கு அவரிடம் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை. ஆண்டுக்கட்டணம் முதல் பள்ளியில் பாதி. ஐ.ஐ.டி. என்ற வார்த்தை அங்கே யார் வாயிலும் வரவில்லை. ஊருக்குப் போய்ச் சொன்னால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள் என்று எனக்கே தெரிந்தது. ஆபீஸில் என் பையன் இந்த ஸ்கூல் என்று சொல்லிக்கொள்ள உதவாத பெயர்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் முதல் தடவையாக மகனிடம் கேட்டார்.

"இன்னாடா, இங்க இருப்பியா?"

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். பிறகு, "சித்தப்பா, நீங்க அந்த வெளி ஆளா இருப்பீங்களா? இங்கிலாந்துல குடுப்பாங்கன்னு சொன்னீங்களே, பேரு நம்பரு" என்றான்.

என் போன் நம்பரை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் கை நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

* * *

ஜூனில் சேர்ந்தான். வளையல் இரண்டும் போயிற்று, சீட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணி காலையிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. நான் சும்மா தற்செயலாக வந்த மாதிரி ஏழு மணிக்கே போய்விட்டேன்.

பத்தே காலுக்கு அடித்தது. அண்ணி எடுத்தார். முதல் அரை நிமிஷம் இரண்டு பக்கமும் மூக்கு உறிஞ்சும் சத்தம். அப்புறம் பையன் ஆரம்பித்தான். சாம்பார் தண்ணி. தோசை ரப்பர். பக்கத்துக் கட்டில்காரன் தூக்கத்தில் கணக்கு வாய்ப்பாடு சொல்கிறான். ஒரு சாக்ஸ் காணோம், இன்னொரு சாக்ஸை வேறு எவனோ போட்டிருக்கிறான். பாத்ரூம் லைட் சரியாக மூஞ்சி மேல் அடிக்கிறது. விசில் சார் அஞ்சு மணிக்கே எழுப்புகிறார். சனிக்கிழமை எண்ணெய் என்று ஒரு ஸ்பூன்தான் கொடுத்தார்கள், அது காதுக்குக்கூடப் போதவில்லை.

பதினோரு நிமிஷம். மூச்சு விடாமல்.

அண்ணன் கவலையோடு என்னைப் பார்த்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"தம்பி, ஒரு பேப்பர் பேனா எடுங்க. சாக்ஸு எத்தன ஜோடின்னு கேட்டு எழுதிக்கிங்க."